குருதி வாங்கல்: ஒரு மருத்துவச் சொல்லின் பொருளாராய்ச்சி

முன்னுரை

சொற்கள் காலந்தோறும் பொருள் மாறும் இயல்பின என்பதைத் தமிழ் பயின்றார் அனைவரும் அறிவர். 'நாற்றம்' என்னும் சொல் நறுமணத்தைக் குறித்த நிலை மாறித் தீமணத்தைக் குறிப்பதாயிற்று. 'களிப்பு' என்பது கள்ளுண்டு மயங்கும் மயக்கத்தைக் குறித்த நிலை மாறிப் பொதுவாக மகிழ்ச்சியைக் குறிப்பதாயிற்று. இலக்கிய நூல்களில் இத்தகைய மாற்றங்களை உரையாசிரியர்களின் துணைகொண்டு எளிதில் உணர்ந்துகொள்கிறோம். மருத்துவ நூல்களுக்கோ அத்தகைய உரைத்துணை பெரும்பாலும் வாய்க்கவில்லை. அவற்றின் கலைச்சொற்கள் ஆசிரியன் வாயிலாக மாணாக்கன் செவிக்குச் சென்றவை. செய்கையைக் கண்ணாற் கண்டே பொருள் உணரப்பெற்றவை. செய்கை வழக்கொழிந்த பின்னர்ச் சொல் மட்டும் ஏட்டில் எஞ்சி நிற்கிறது. அந்நிலையில் இக்கால வழக்கின் பொருளை அதன்மேல் ஏற்றிப் படிப்பது எளிது; பிழைபடுவதும் அத்துணை எளிதே.

இக்கட்டுரைக்குக் காரணமாக அமைந்தது அத்தகைய ஒரு பிழை. சில ஆண்டுகட்கு முன்னர், முதுகலை மாணவர் ஒருவர் சித்த மருத்துவக் கலைச்சொற்கள் பற்றி எழுதிய கட்டுரையைத் திருத்தும் பணி நமக்கு வாய்த்தது. நல்ல உழைப்புடன் எழுதப்பெற்ற கட்டுரை அது. அதில் 'குருதி வாங்கல்' என்னும் சொற்றொடருக்கு, 'பிறரிடமிருந்து குருதியைப் பெற்று நோயாளிக்கு ஏற்றுதல்' என்று பொருள் எழுதியிருந்தார். அவ்வளவில் நில்லாது, மேலைநாட்டார் அறிவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே குருதியேற்றும் கலையைச் சித்தர்கள் அறிந்திருந்தனர் என்னும் முடிவுக்கும் வந்திருந்தார். முதல் வாசிப்பில் நாமும் அதனைத் தடையின்றிப் படித்துச் சென்றோம் என்பதை ஈண்டு மறைத்தல் கூடாது. இரண்டாம் முறை படித்தபோதே ஐயம் எழுந்தது. ஒருவர்க்குக் குருதி தருவது எங்ஙனம் 'வாங்கல்' ஆகும்? ஆராயுங்கால், அச்சொல் குறிக்கும் செயல் அவர் எழுதியதற்கு நேர்மாறானது என்பது தெளிவாயிற்று. குருதியை உடம்பினுள் செலுத்துவதன்று. உடம்பினின்று வெளிக்கொணர்வதே குருதி வாங்கல்.

சொல்லின் பொருளைத் தலைகீழாகக் கொண்டமையால் இல்லாத பெருமை ஒன்று முன்னோர்க்கு ஏற்றப்பட்டது. உள்ள பெருமையோ கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. அவ்வுள்ள பெருமை யாது என்பதை, 'வாங்கு' என்னும் வினையின் வழிநின்று காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் வழங்கும் இடம்

சித்த மருத்துவ நூலார் மருந்துகளை அகமருந்து, புறமருந்து என இரண்டாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் 32 வகையாக விரிப்பர். புறமருந்துகளின் வரிசை 'கட்டு' என்பதிற் தொடங்கிப் 'பீச்சு' என்பதில் முடிகிறது. மேலே பூசுவனவும், புகைப்பனவும், ஒற்றடம் கொடுப்பனவும் முன்னே நிற்க, கருவிகொண்டு செய்யும் செயல்கள் வரிசையின் பிற்பகுதியில் அமைந்துள்ளன. கீறல், அட்டை விடல், அறுவை, கொம்பு கட்டல், உறிஞ்சல், குருதி வாங்கல் என்பன அவற்றுட் சில. சித்த மருத்துவக் கல்லூரிகளில் இவ்வரிசை இன்றும் கற்பிக்கப்பெறுகிறது.

இவ்வரிசையே பொருளுணர்தற்கு முதற்சான்றாகும். ஒரு சொல்லின் பொருள் ஐயுறப்படுமிடத்து, அஃது எவ்வினத்தோடு வைத்து எண்ணப்பட்டது என நோக்குதல் உரையாசிரியர்கள் காட்டிய நெறி. குருதி வாங்கல் என்பது கீறல், அட்டை விடல், உறிஞ்சல் என்பவற்றின் இனமாக வைத்து எண்ணப்பட்டுள்ளது. கீறல் தோலைச் சிறிது பிளந்து குருதியையோ சீழையோ வெளிப்படுத்துவது. அட்டை விடல், நீரட்டையை வீக்கத்தின்மேல் விட்டுக் குருதியை உறிஞ்சச் செய்வது. உறிஞ்சல், கொம்பு, குழல் முதலியவற்றைப் பொருத்திக் காற்றை இழுத்துக் குருதியை மேலெழச் செய்வது. இவையனைத்தும் உள்ளிருப்பதை வெளிக்கொணர்வன. இவ்வினத்தின் நடுவே, உட்செலுத்தும் செயல் ஒன்று வந்து நிற்பதற்கு இடமில்லை.

இவ்வரிசையில் மற்றொரு சொல்லும் மயங்கப்படுவதுண்டு. 'கொம்பு கட்டல்' என்பதை, மாட்டுக்கொம்பினைப் பொருத்திக் குருதியை உறிஞ்சும் செயலாகச் சிலர் கொள்வர். மருத்துவ நூலார் கருத்து அதுவன்று. எலும்பு முறிந்தவிடத்து, மூங்கிற் சிம்பு முதலிய கோல்களை அணைத்துக் கட்டுதலே கொம்பு கட்டல். மரக்கிளையையும் கோலையும் 'கொம்பு' என வழங்கும் வழக்கை மறந்து விலங்கின் கொம்பையே நினைத்தமையால் நேர்ந்த பிழை இது. கொம்பு என்னும் சொல் ஒரு திசையில் நம்மை மயக்க, வாங்கல் என்னும் சொல் மற்றொரு திசையில் மயக்குகிறது.

வாங்கு என்னும் வினை

இக்காலத் தமிழில் 'வாங்குதல்' என்றவுடன் நினைவுக்கு வருவது விலைகொடுத்துக் கொள்ளுதலும், பிறர் தருவதை ஏற்றலுமே. ஆனால், பண்டை இலக்கியத்தில் இவ்வினையின் முதன்மைப் பொருள் வளைதலும் வளைத்தலும் ஆகும். வளைந்த மூங்கிலை 'வாங்கமை' என்றும், வளைத்த வில்லை 'வாங்குவில்' என்றும் பண்டைப் புலவர் வழங்கினர். கன்னடத்தில் இதனோடு இனமாகிய 'பாகு' என்னும் வினை, வளைதல் என்னும் பொருளிலேயே இன்றும் வழங்குவது இதற்கு அரண் செய்கிறது.

வளைத்தற் பொருளினின்று ஏற்றற் பொருள் எங்ஙனம் தோன்றியது? வில்லே இதற்கு விடை கூறும். வில்லை வளைப்பவன் நாணைத் தன்பால் இழுக்கின்றான். எனவே வளைத்தல் என்னும் பொருள், தன்பால் இழுத்தல் என்னும் பொருளாக விரிந்தது. தன்பால் இழுத்தது தன்னுடையதாயிற்று. ஆகவே, இழுத்தல் கொள்ளுதலாயிற்று. பிறர் கையினின்று கொண்டது ஏற்றலாயிற்று. பொருள் கொடுத்துக் கொண்டது விலைக்கு வாங்கலாயிற்று. இவ்வாறு வளைத்தல், இழுத்தல், கொள்ளுதல், ஏற்றல், விலைக்குக் கொள்ளுதல் என்னும் ஐந்து படிகள் இவ்வினைக்கு உள்ளன எனலாம். இன்று நாம் நிற்பது இறுதிப் படியில். மருத்துவச் சொல் நிற்பது இரண்டாம் படியில்.

இரண்டாம் படி முற்றும் மறைந்துவிடவில்லை. 'மூச்சு வாங்குகிறது' என்னும்போது மூச்சை எவரிடமும் நாம் பெறுவதில்லை, உள்ளே இழுக்கின்றோம். 'கடல் உள்வாங்கியது' என்னும்போது நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. 'படை பின்வாங்கியது' என்பதும் அவ்வாறே. மலையாள நாட்டார், உலையினின்று கலத்தை இறக்குதலை 'வாங்ஙுக' என்பர். இவை யாவும் பழம்பொருளின் எச்சங்கள். நாள்தோறும் நம் வாயில் வழங்கினும், தொடராக வழங்குவதால் வினையின் தனிப்பொருளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மருத்துவ நூல்களின் உள்ளேயே இதனினும் தெளிவான சான்று ஒன்று உண்டு. எண்ணெய் வடிக்கும் முறையைக் கூறுமிடத்து, 'தைலம் வாங்குதல்' என்பது அந்நூல்களின் வழக்கு. குழித்தைலம் எடுக்கும் முறையை நினைவுகூர்தல் நன்று. நிலத்தில் குழி தோண்டி, அதனுள் ஒரு கலத்தை வைத்து, அடியில் துளையிட்ட பானையில் சேங்கொட்டை முதலிய சரக்கினை இட்டு, வாயை மூடிச் சீலைமண் செய்து, அக்கலத்தின்மேல் பொருத்தி, பானையைச் சுற்றி எருவடுக்கித் தீ மூட்டுவர். வெம்மையால் சரக்கினின்று கசியும் எண்ணெய் துளைவழியே இறங்கிக் கீழுள்ள கலத்தில் சேரும். இதனையே தைலம் வாங்குதல் என்றனர். ஈண்டுத் தைலத்தை எவரும் தரவுமில்லை, எவரும் விற்கவுமில்லை. உள்ளே கலந்து கிடந்த ஒன்றை, தீயின் அளவும் காலத்தின் அளவும் அறிந்து, பிரித்து வெளிக்கொணர்தலே வாங்குதல் எனப்பட்டது. தீ மிகுந்தால் தைலம் கருகும், குறைந்தால் இறங்காது. அளவறிந்து வெளிக்கொணர்தல் என்னும் இக்குறிப்பே குருதி வாங்கலிலும் உள்ளது. 'இரத்தம் குத்தி வாங்குதல்' என்னும் விரிந்த வழக்கு, ஊசியாற் குத்துதலும் அதன்பின் இழுத்தலும் ஆகிய இரு செயல்களையும் தனித்தனியே காட்டி இதனை மேலும் தெளிவாக்குகிறது.

களைதல், ஊற்றுதல், வாங்குதல்

இதே செயலைத் தமிழ்ச் சான்றோர் வேறு வினைகளாலும் குறித்துள்ளனர். அவற்றை ஒப்புநோக்கினால், வாங்கல் என்பதன் தனிச்சிறப்பு விளங்கும்.

திருக்குறளில் மருந்து அதிகாரம் 95ஆவது. அதில் 948ஆம் குறள், நோயையும் அதன் முதலையும் அது தணியும் வழியையும் ஆராய்ந்து பிழையாமற் செய்க என மருத்துவனுக்கு நெறி வகுக்கிறது. நோய் தணியும் வழி என ஆசிரியர் பொதுவாகக் கூறியதைப் பரிமேலழகர் தம் உரையில் விரிக்குமிடத்து, மருந்து செய்தலோடு அறுத்தல், சுடுதல் முதலியவற்றையும் சேர்த்து எண்ணி, அவற்றின் வரிசையில் 'உதிரங்களைதல்' என்பதனையும் வைத்தார். ஈண்டு வினை 'களைதல்'. பயிரின் நடுவே நிற்கும் களையை உழவன் நீக்குதல் போல, உடம்பில் நின்று தீங்கு செய்யும் குருதியை நீக்குதல் என்பது இவ்வினையின் குறிப்பு. கெட்டது எது என்பதில் இவ்வினை கருத்தூன்றுகிறது.

கம்பர் இச்செயலை உவமையாக எடுத்தாண்டார். யுத்த காண்டத்தில், போர்க்களத்தில் கும்பகருணனும் வீடணனும் எதிர்ப்பட்டு உரையாடும் பகுதியில், உடம்பில் தோன்றிய கட்டி ஒன்றை அறுத்து, குருதியைப் போக்கி, சுட்டு, பின்னர் மருந்திட்டுத் துயர் தீர்க்கும் முறை முழுமையாகக் கூறப்படுகிறது. உடன்பிறந்தாராயினும் தீயாரை விலக்குதல் வேண்டும் என்னும் கருத்துக்கு அஃது உவமை. அங்கே உதிரத்தோடு சேர்ந்து வரும் வினை 'ஊற்றுதல்'. குருதி பெருகி வெளிப்படும் தோற்றத்தை அது கண்முன் நிறுத்துகிறது. கேட்போர் நெஞ்சில் அச்சமும் துணிவும் ஒருங்கே தோன்ற வேண்டிய இடம் அது. ஆகவே அவ்வினை பொருத்தமாயிற்று.

அறுத்தலும் சுடுதலும் இணைந்து வருவதைக் குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியிலும் காண்கிறோம். மருத்துவன் அறுத்துச் சுட்டாலும் அவன்பால் நோயாளி அன்பு நீங்கான் என்னும் உவமை அங்குள்ளது. அறுத்தபின் சுடுவது ஏன் என்னும் வினா மாணவரிடையே அடிக்கடி எழுவதுண்டு. நோயாளியை மேலும் வருத்துதற்கன்று அது. குருதி மிகுதியாக வெளிப்பட்டால் அதனை நிறுத்தும் வழிகளாகச் சுசுருத சங்கிதை நான்கினைக் கூறுகிறது. புண்வாயைச் சுருக்கிப் பொருத்தும் துவர்ப்பு மருந்திடல், குளிர்ச்சியால் குருதியை உறையச் செய்தல், சாம்பல் முதலியவற்றால் உலர்த்துதல், இறுதியாகச் சுட்டுக் குருதிநாளத்தைச் சுருக்குதல் என்பன அவை. ஏனைய மூன்றும் பயன்படாதவிடத்துச் சுடுதல் வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. எனவே, அறுத்தலும் குருதி போக்கலும் திறப்பன, சுடுதல் அடைப்பது. திறக்கக் கற்றவன் அடைக்கவும் கற்றிருத்தல் வேண்டும் என்பதனை அவ்விணைச்சொற்கள் நமக்கு உணர்த்துகின்றன.

இனி, மூன்று வினைகளையும் ஒருங்கு வைத்து நோக்குவோம். களைதல், நீக்கப்படும் பொருளின் தீமையை நினைவூட்டுகிறது. அஃது உரையாசிரியர் பார்வை. ஊற்றுதல், காண்பார் கண்ணுக்குப் புலனாகும் பெருக்கை நினைவூட்டுகிறது. அது புலவர் பார்வை. வாங்குதலோ, செய்பவன் கையை நினைவூட்டுகிறது. இழுப்பவன் ஒருவன் இருக்கின்றான். எவ்வளவு இழுப்பது, எப்போது நிறுத்துவது என்பன அவன் அறிவைப் பொறுத்தவை. இது தொழில் செய்தவர் பார்வை. தொழிலாளர் வாயிற் பிறந்த சொல் இஃது என்பதனை அதன் வினையே காட்டிக்கொடுக்கிறது.

பிறமொழிப் பெயர்கள்

பிறமொழியாளர் இச்செயலுக்கு இட்ட பெயர்களும் இவ்வேறுபாட்டை வலியுறுத்துகின்றன. வடமொழியில் இது 'இரத்தமோட்சணம்' எனப்படும். மோட்சணம் என்பது விடுவித்தல். கட்டுண்டு கிடந்த தீக்குருதிக்கு விடுதலை தருதல் என்பது அதன் கருத்து. நரம்பைக் குத்திச் செய்யும் வகைக்குச் 'சிராவியதம்' என்று பெயர். அதாவது நாளத்தைத் துளைத்தல். அறுவை மருத்துவத்தின் பாதி இதுவே எனச் சுசுருதர் இதனைப் போற்றுவர். கிரேக்கர் 'பிளெபோடொமி' என்றனர்; நாளத்தை வெட்டுதல் என்பது அதன் பொருள். அரபு மொழியில் கொம்பு, குவளை முதலியன வைத்துக் குருதி எடுத்தலுக்கு 'ஹிஜாமா' என்று பெயர். உறிஞ்சுதல் என்பது அதன் அடிப்பொருள். ஆக, ஒரு மொழி விடுதலையையும், மற்றொன்று வெட்டையும், பிறிதொன்று உறிஞ்சுதலையும் பெயராக்கின. தமிழோ அளவறிந்து இழுக்கும் செய்கையைப் பெயராக்கிற்று.

அளவு என்பது இச்செயலில் உயிர்க்கு நேரானது. மேலைநாட்டு வரலாறு இதற்குத் துயரமான சான்றுகளைத் தருகிறது. அமெரிக்க நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் சியார்ச்சு வாசிங்டன் 1799 திசம்பர் 14ஆம் நாள் தொண்டை நோயால் இறந்தார். அன்று ஒரே நாளில் பலமுறை அவர் உடம்பினின்று பெருமளவு குருதி எடுக்கப்பட்டது; அஃது அவர் முடிவை விரைவுபடுத்தியது எனக் கருதுவார் பலர். பின்னர், பிரெஞ்சு மருத்துவர் பியேர் லூயி நுரையீரல் அழற்சியுற்ற நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டு, குருதி எடுத்தலால் விளையும் பயன் மருத்துவர் நம்பியதைவிட மிகக் குறைவு என்பதை 1835ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் காட்டினார். அதன்பின் அம்முறை படிப்படியாகத் தேய்ந்தது. இன்று குருதிச் செவ்வணுக்கள் அளவுமீறிப் பெருகும் நோய், உடம்பில் இரும்புச்சத்து மிகுந்து தங்கும் நோய் முதலிய சிலவற்றிற்கே மருத்துவமனைகளில் குருதி எடுக்கின்றனர். அட்டையின் கதையோ வேறு. அதன் வாயில் குருதியை உறையவிடாத பொருள் ஒன்று உள்ளது என்பதை 1884ஆம் ஆண்டு சான் ஏகிராப்ட் கண்டறிந்தார். துண்டுபட்ட விரல் முதலியவற்றை ஒட்டவைக்கும் அறுவையின் பின்னர், தேங்கும் குருதியை நீக்க இன்று அட்டை பயன்படுகிறது. 2004ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் உணவு மருந்து ஆணையம் அதற்கு இசைவளித்தது.

குருதி ஏற்றுதலின் வரலாறு இதனின் வேறானது. 1667ஆம் ஆண்டு பிரான்சில் தெனி என்பார் ஆட்டுக்குட்டியின் குருதியை மனிதனுக்கு ஏற்றினார். அம்முயற்சிகள் உயிர்க்கேடாய் முடியவே தடை செய்யப்பட்டன. குருதியில் வகைகள் உண்டு என்பதை 1901ஆம் ஆண்டு காரல் லான்ட்சுடைனர் வெளியிட்ட பின்னரே அது நம்பத்தக்க மருத்துவமாக வளர்ந்தது. நம் மாணவர் இவ்வரலாற்றின் முன்னே சித்தர்களை நிறுத்த விரும்பினார். விருப்பம் குற்றமன்று, சான்றின்றி நிறுத்தியதே குற்றம்.

வாங்கியவர் யாவர்?

சொல்லின் பொருளைத் துணிந்தபின், அதனை வழங்கியவர் யாவர் என வினவுதல் முறை. இதற்கு விடைதேடிச் சேலம், நாமக்கல் சமவெளிப் பகுதியை நோக்குதல் பயன்தரும். 1997ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தினின்று பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாயிற்று எனினும், திருமணிமுத்தாற்றங்கரையும் கொல்லிமலை அடிவாரமும் காவிரிக்கரை வயல்களும் வழக்காற்றால் ஒன்றுபட்டவை. கொங்கு வழக்குகள் பலவற்றைப் பேணுபவை.

இப்பகுதியிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும், சிற்றூர்களில் சவரத்தொழிலும் புண்மருத்துவமும் ஒரே குடியார் கையில் இருந்தன. 1909ஆம் ஆண்டு வெளிவந்த எட்கர் தர்சுடனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல், அக்குடி ஆடவர் மருத்துவராகவும், மகளிர் மகப்பேறு பார்ப்பவராகவும் இருந்தமையைக் குறிக்கிறது. தமிழ்நாட்டரசின் மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பார் பட்டியலில் 'மருத்துவர்', 'நாவிதர்' என்னும் பெயர்கள் இன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. 'மருத்துவச்சி' என்னும் சொல் மகப்பேறு பார்ப்பவளையே குறித்து வந்ததும் ஈண்டு நினையத்தக்கது. ஆண்பாற் பெயர் உயர்ந்து பட்டம்பெற்ற மருத்துவரைச் சுட்டுவதாயிற்று. பெண்பாற் பெயரோ பழைய நிலையிலேயே நின்றுவிட்டது. கொங்கில் நாவிதரைக் 'குடிமகன்' என வழங்குவர். திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமை அவருடையது. இன்று அச்சொல் நாட்டின் குடியுரிமை பெற்ற ஒவ்வொருவரையும் சுட்டுகிறது. மருத்துவர், குடிமகன் என்னும் இரு சொற்களும் பொதுச்சொற்களாக உயர்ந்தன. அவற்றை முன்னர்த் தாங்கியவர் அவ்வுயர்வில் பங்கு பெறவில்லை.

சோழர் காலத்துப் பெருமருத்துவமனையில் இவ்விரு தொழில்களும் வேறு வேறாக இருந்தன. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் 15 படுக்கைகளுடன் இயங்கிய ஆதுலர்சாலை ஒன்றைக் கூறுகிறது. அதன் பணியாளர் வரிசையில் மருத்துவன், 'சல்லியக்கிரியை பண்ணுவான்' எனப்படும் அறுவை மருத்துவன், மருந்து கொணர்வோர், மருந்தடும் பெண்டிர் ஆகியோரோடு நாவிதனும் இடம்பெறுகிறான். ஆனால், ஊர்தோறும் ஆதுலர்சாலை அமைதல் இயலாதன்றோ? சிற்றூரில் கூரிய கத்தியும் அதனைத் தோலின்மேல் நடுங்காது செலுத்தும் கையும் எவரிடம் இருந்தனவோ, அவரிடமே கீறலும் குருதி வாங்கலும் சென்று சேர்ந்தன. இங்கிலாந்திலும் நிலை இதுவே. நாவிதரையும் அறுவை மருத்துவரையும் 1540ஆம் ஆண்டு சட்டம் ஒரே குழுவாக்கியது. 1745ஆம் ஆண்டு வரை அவர்கள் பிரியவில்லை. ஆனால், பிரிந்தபின் அங்கு அறுவை மருத்துவர் தமக்கெனக் கல்லூரியும் நூல்களும் பெற்றனர். இங்கோ அக்கலை ஏடேறாமல் வாய்மொழியாகவே தேய்ந்தது.

அவ்வாய்மொழியின் ஒரு துணுக்கு நமக்குக் கிட்டியது. மாணவர் சிலருடன் சேந்தமங்கலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிற்கு வழக்குச்சொல் தொகுக்கச் சென்றிருந்தபோது, அக்குடியைச் சேர்ந்த முதியவர் ஒருவருடன் உரையாட நேர்ந்தது. தந்தையின் கருவிப்பையாகிய அடைப்பத்தை அவர் இன்றும் வைத்திருந்தார். தொழிலை மட்டும் என்றோ விட்டுவிட்டார். தந்தையார் வீக்கங்களுக்கு இரத்தம் எடுத்ததைச் சிறுவயதிற் கண்டவர். 'இரத்தம் வாங்குவது என்கிறீர்களே ஐயா, யாரிடம் வாங்குவது?' என்று வேண்டுமென்றே வினவினோம். அவர் நகைத்தார். 'வாங்கறதுன்னா இளுக்கறதுங்க, வாத்தியாரய்யா. காசு குடுத்து வாங்கறது இல்லீங்க' என்றார். சற்றுப் பொறுத்து, தம் தந்தையார் கூறுவது என்று ஒன்றைச் சொன்னார்: 'வளிஞ்சா அது காயமுங்க, வாங்குனாத்தானுங்க வைத்தியம்.'

நாம் வரிசைமுறையாலும், ஒப்புமொழியாலும், உரைச்சான்றாலும் வருந்தித் தேடிய பொருள் அத்தொடரில் அடங்கியிருந்தது. தானே வழிவது புண். அளவறிந்து இழுக்கப்படுவது மருத்துவம். குருதியைத் திறந்துவிடுதல் எவர்க்கும் எளிது. நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துவோனே 'வாங்குவோன்' ஆவான். உடன்வந்த மாணவருள், முன்னர்க் கூறிய கட்டுரையை எழுதியவரும் இருந்தார். திரும்பும் வழியில் அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்த் தம் கட்டுரையின் அப்பகுதியைத் தாமே நீக்கி, அவ்விடத்தில் அம்முதியவரின் தொடரை எழுதித் தந்தார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். குருதி வாங்கல் என்பது குருதியை ஏற்றலன்று. உடம்பினின்று அளவறிந்து வெளிக்கொணர்தல். அதன்கண் உள்ள 'வாங்கு' என்னும் வினை, இன்று பெரிதும் மறைந்த இழுத்தற் பொருளைக் காத்துநிற்கிறது. களைதல், ஊற்றுதல் என்னும் வினைகளோடு ஒப்பிடுங்கால், இது தொழில் செய்தாரிடையே பிறந்த கலைச்சொல் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இவற்றால் நமக்கு நேரும் கடமையும் ஒன்றுண்டு. மருத்துவ ஏடுகளைப் பதிப்பிப்போர், பொருள் விளங்காத வினையைக் காணுமிடத்து இக்கால வழக்கிற்கேற்பத் திருத்த முற்படலாகாது. 'வாங்கி' என்றிருப்பதை 'நீக்கி' என்றோ 'பெற்று' என்றோ மாற்றிவிடின், ஒரு சொல்லின் பழம்பொருளோடு ஒரு தொழிலின் நுட்பமும் மறைந்துபோம். இன்று மருத்துவமனை வாயிலில் 'இரத்தம் வாங்கி வா' என்று ஒருவர் கூறினால், குருதி வங்கிக்குச் சென்று பெற்று வருக என்பதே பொருள். அவ்வழக்கும் தமிழே, அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆயின், இரண்டையும் ஒன்றெனக் கொண்டு பழமைக்குப் பெருமை தேடுதல் வேண்டா.

நம் முன்னோர் குருதியேற்றக் கற்றிருந்தனர் என நாட்டுதற்குச் சான்றில்லை. நாட்டாமையால் அவர்க்கு இழுக்குமில்லை. கத்தியைக் கையிற் கொண்டவன் அளவை நெஞ்சிற் கொள்ளல் வேண்டும் என்பதனை ஒரு வினைச்சொல்லுள் வைத்துக் காத்தனர் அவர். அப்பெருமைக்கு உரியார், ஏடெழுதாது அடைப்பம் தாங்கி ஊர்தோறும் நடந்த மருத்துவக் குடியினர். அவர்தம் வழக்குச்சொற்களை முதியோர் நாவினின்று தொகுத்துவைத்தல், தமிழாய்வு மேற்கொள்வார் விரைந்து செய்யத்தக்க பணியாகும்.